இயற்கை ஒளிப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் சங்கம் ஆற்றிய பணிகளைச் செயற்குழுவின் சார்பில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

தொலைவிலுள்ள காடுகளுக்குச் செல்லும் பயணங்களைக் குறைத்துக்கொண்டு, உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு எளிதில் எட்டும் ஒரு குளத்தையோ புதரையோ மரத்தையோ தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் அங்கேயே திரும்பத் திரும்பச் சென்று படமெடுக்க வேண்டும் என்று ஆண்டின் தொடக்கத்தில் செயற்குழு முடிவெடுத்தது. சிலருக்கு இதில் மனக்குறை இருந்தது உண்மை. ஆயினும் ஆண்டிறுதிக் காட்சிக்கு வந்த படங்கள், அம்முடிவு சரியானதே என்பதை எனக்கு ஐயமின்றி உணர்த்தின. குளக்கரையில் தட்டான்களைத் தொடர்ந்து பார்த்துவந்த உறுப்பினர் ஒருவர், ஒரு தட்டான் எத்தனை முறை பறந்து சென்றாலும் அதே குச்சி நுனிக்கே திரும்பி வருவதைக் கவனித்து, அந்நுனியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்து, கால்களை முன்னே நீட்டியபடி அது வந்து அமரும் கணத்தைப் படமாக்கினார். விலையுயர்ந்த லென்ஸால் மட்டும் கிடைக்கக்கூடிய படமன்று அது.

கருவிப் பயிற்சி வகுப்புகளில் உறுப்பினர்கள் பெரிதும் விரும்பியது, சிறிய பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாகப் படமெடுக்கும் மேக்ரோ வகுப்பாகும். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே கேமராவின் ஒளியுணர் பரப்பான சென்சாரில் பதிக்கும் 1:1 பெருக்கத்தில், ஃபுல்ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கினாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் என்பதை ஒரு வண்ணத்துப்பூச்சியின் சிறகை வைத்து நேரடியாகக் காட்டினோம். எஃப்/16 வரை மூடினால் ஆழம் இரு மடங்காகிறது; ஆனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் சற்றே மழுங்கிவிடுகிறது. ஆகவே துளையை மூடிக்கொண்டே போவதைவிட, கேமராவின் பின்புறம் சிறகுக்கு இணையாக இருக்கும்படி நம்மை நகர்த்திக்கொள்வதே மேல் என்று அனைவரும் கண்டுகொண்டனர். மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள், 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் அதைக் கேமராவிலிருந்து தள்ளிவைக்கும் வெற்றுக் குழாயான 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் பொருத்தி அரைப் பங்குப் பெருக்கம் பெற்றார்கள். பூச்சிகளின் உடல் சூடேறாத அதிகாலையே இதற்கு உகந்த நேரம். அவற்றைப் பிடித்துக் குளிரூட்டிப் படமெடுக்கும் வழக்கத்தை நம் சங்கம் ஏற்பதில்லை.

தொலைவிலுள்ளதை நெருக்கமாகக் காட்டும் டெலி லென்ஸுக்கான வகுப்பு சுருக்கமாகவே நடந்தது. 400 மி.மீ. லென்ஸை 1.5 கிராப் கேமராவில் (ஃபுல்ஃபிரேமைவிட 1.5 மடங்கு சிறிய சென்சார் கொண்டது; 400 × 1.5 = 600) கையில் பிடித்து எடுப்பவர் ஷட்டர் வேகத்தை 1/600 நொடிக்குக் குறையாமல் வைப்பது நலம் என்பதும், ஸ்டெபிலைசேஷன் நம் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யுமே தவிரப் பறவையின் சிறகசைவை உறையச் செய்யாது என்பதும் அதில் வலியுறுத்தப்பட்டன.

முன்னோடிகள் குறித்த மாதாந்திரச் சொற்பொழிவுகள் உறுப்பினர்களுக்கு மிகுந்த ஊக்கமளித்தன. 1885ஆம் ஆண்டில் மைக்ராஸ்கோப்போடு கேமராவை இணைத்துப் பனிப்படிகத்தைப் படமெடுத்த அமெரிக்க விவசாயி வில்சன் பென்ட்லி, 1931இல் மறையும்வரை அந்த ஒரே பொருளிலேயே நிலைத்து நின்று 5000க்கும் மேற்பட்ட படங்களை விட்டுச்சென்றார். மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த கேமராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் பதிவுசெய்தார். பறவைகளை அச்சுறுத்தாமல் நெருங்குவதற்காக உள்ளீடற்ற மாட்டு உருவத்துக்குள் மறைந்திருந்து படமெடுத்த இங்கிலாந்தின் கீர்ட்டன் சகோதரர்களைப் பற்றிய உரையைக் கேட்ட பின்னரே, நம் உறுப்பினர்கள் மறைவுக் கூடாரத்தைப் பொறுமையோடு பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

பறவைக் கூடுகளின் படங்களைப் போட்டிக்கு ஏற்பதில்லை என்ற விதி இவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. படத்துக்காகக் கிளைகளை ஒதுக்கினால் கூடு வெயிலுக்கும் வேட்டையாடும் உயிர்களுக்கும் வெளிப்பட்டுவிடும். தாய்ப்பறவை அஞ்சி விலகியிருந்தால் முட்டைகள் குளிர்ந்து கெடும். எவ்வளவு அழகான படமாயினும் இதை ஈடுசெய்யாது என்பதில் செயற்குழு உறுதியாக உள்ளது.

வரும் ஆண்டில் உறுப்பினர்கள் முறைவைத்துப் பயன்படுத்துவதற்காகப் பொது மேக்ரோ லென்ஸ் ஒன்றும் மறைவுக் கூடாரம் ஒன்றும் வாங்கவும், ஒரே இடத்தில் படமெடுக்கும் திட்டத்தை மேலும் ஓராண்டு தொடரவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்