கொசுவலைக் கொக்கி

அன்புள்ள காதர்,

போன வாரம் நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. வீட்டில் மாமியார், மைத்துனன் என்று கூட்டம். இந்த விஷயத்தைக் கூடத்தில் உட்கார்ந்து பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடு. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சுன்னத்து ஆகிவிட்டது.

மதமெல்லாம் மாறவில்லை. சர்க்கரை செய்த வேலை. இரண்டு வருடமாகவே முன்தோல் இறுகிக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் வெடிப்பு, அரிப்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளவே முடியாமல் போனது. கடைசியில் ஒன்றுக்குப் போகும்போது தோல் பலூன் மாதிரி உப்ப ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன் என்கிறாய்? மெடிக்கலில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு, படைக்குப் போடுகிற களிம்பு என்று கேட்டு வாங்கிப் போட்டேன். நாலு நாள் கேட்கும், திரும்ப வரும். வெடித்து ஆறும் ஒவ்வொரு முறையும் தழும்பு விழுந்து தோல் இன்னும் சுருங்கும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? நான்தான் யாரிடமும் கேட்கவில்லையே.

செல்விதான் இழுத்துக்கொண்டு போனாள். யூராலஜி டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “சுகருக்கு என்ன மாத்திரை?” டாபாகிளிஃப்ளோசின். 2020-ல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் சாப்பிடுகிறார்களே, அதுதான். மிச்சச் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதுதான். ஆனால் சர்க்கரை கலந்த ஈரம் தோலுக்கடியில் தங்கினால் பூஞ்சைக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரி. எனக்கு மாத்திரையை மாற்றிவிட்டார். நீயும் அதைத்தான் சாப்பிடுகிறாய் என்று சொன்ன ஞாபகம். இதைப் படித்துவிட்டு நீயாக நிறுத்திவிடாதே. உனக்குத்தான் அந்தத் தோலே இல்லையே, தொல்லை குறைவு.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4 இருந்தது. எட்டுக்குக் கீழே வந்தால்தான் புண் ஒழுங்காக ஆறும் என்று சொல்லிவிட்டார். ராத்திரிச் சோற்றை விட்டு இரண்டரை மாதம் ஓடியது. ஸ்டேப்ளர் வைத்தும் செய்யலாம், சீக்கிரம் முடியும், செலவுதான் கூட என்றார்கள். நான் தையலே போதும் என்றேன். அடியில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அந்த ஊசிதான் வலி. அப்புறம் முக்கால் மணி நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெட்டிய தோலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நாள்பட்டு இறுகின தோலில் எப்போதாவது புற்று இருக்கலாமாம். பத்து நாள் கழித்து, ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தப் பத்து நாளைப் பற்றி எழுத வேண்டாம்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரிக்க வேண்டும். ரத்தம் உலர்ந்து துணி ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் முக்காலியைக் குளியலறையில் போட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையில் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒரு சுற்றுப் பிரியும், அடுத்தது பிடித்துக்கொள்ளும். கதவுக்கு வெளியே செல்வி, “இழுக்காதீங்க, தானா வரும்” என்கிறாள். முக்கால் மணி நேரம்! அறுவைக்கு ஆன அதே நேரம். பிரித்துப் பார்த்தால் குளவி கொட்டினது போல வீங்கி, ஒரு பக்கம் நாவல்பழ நிறம். வீக்கம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் கண்ணில் பார்த்தால் வேறுதான். ஐந்தாம் நாள் தையல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு படலம். சீழ் வைத்துவிட்டது என்று பதறிப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். (இப்படி ஒரு போட்டோ என் போனில் இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.) ஆறுகிற புண்ணில் அது வரும், சுரண்டாதீர்கள், காய்ச்சல், நாற்றம், சிவப்புப் பரவுவது இருந்தால் மட்டும் ஓடி வாருங்கள் என்று பதில் வந்தது.

பகல் பரவாயில்லை. ராத்திரிதான் கொடுமை. தூக்கத்தில் ஆண்களுக்கு நாலைந்து தடவை அதுபாட்டுக்கு விறைக்கும், நினைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு தடவையும் தையலை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடப்பேன். எதிர்வீட்டு நாய்க்கு நான் பழகிவிட்டேன். தையல் தானே கரைந்து விழ மூன்று வாரம் ஆனது. அதுவரை மொட்டுப் பகுதியில் பனியன் துணி பட்டால்கூட உப்புத்தாள் தேய்த்த மாதிரி எரியும், வாசலினைத் தடவிக்கொண்டு அகலக் கால் வைத்து நடக்க வேண்டும்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. மேலப்பாளையத்தில் உன் சுன்னத்துக் கல்யாணம். நமக்கு ஏழு வயது இருக்குமா? மாலை போட்டு உன்னைக் குதிரையில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள், எனக்கு ஒரே பொறாமை. மறுநாள் பார்க்க வந்தபோது நீ பாயில் படுத்திருந்தாய். உன் சாரத்தை (லுங்கியை) நடுவில் பிடித்து உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தூக்கி, கூடாரம் மாதிரி வைத்திருந்தார்கள். உம்மா உனக்கு நாட்டுக்கோழி முட்டை உரித்துத் தந்தார்கள், பாதி எனக்கும் கிடைத்தது. அந்தக் கயிறு எதற்கு என்று நாற்பத்தைந்து வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. கொசுவலைக் கொக்கியில் சணல் கட்டி என் சாரத்தையும் அப்படியே தூக்கி மாட்டினேன். செல்வி பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள். நல்ல தூக்கம் வந்தது, காதர்.

ஆபீசில் ‘சிறு அறுவைச் சிகிச்சை’ என்று லீவு எழுதினேன். குடலிறக்கமா என்றார்கள், தலையாட்டிவிட்டேன். இப்போது யாரும் என்னை ஒரு ஃபைல் கட்டுக்கூடத் தூக்க விடுவதில்லை.

இது ஐந்தாவது வாரம். பைக் ஓட்டுகிறேன். மற்றதற்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

உம்மா இருந்தவரை, “என் பிள்ளை அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை” என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் செய்த காலம். உண்மையைச் சொல். அழுதாயா, இல்லையா?

உன்,
முருகேசன்