விமானம் இறங்கியது கேட்விக்கில், கார் நின்றது ஹீத்ரோவில்: பணத்தைத் திருப்பித் தரவும், திரும்பும் பயண ஏற்பாட்டைத் திருத்தவும் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், தேவகோட்டை

பெறுநர்:
மேலாளர் அவர்கள், பயண ஏற்பாட்டு நிறுவனம், காரைக்குடி

ஐயா,

என் பெற்றோர், அப்பச்சியும் ஆத்தாவும், சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டன் போய்வர உங்கள் அலுவலகத்தில் டிக்கெட் எடுத்தேன். விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் தங்கை வீடு வரை போக, வர காருக்கும் உங்களிடமே பணம் கட்டினேன். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. நானே நெட்டில் போட்டிருக்கலாம். வயதானவர்கள் போகிறார்களே, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் செய்யட்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

விமானம் கேட்விக்கில் இறங்கியது. நீங்கள் ஏற்பாடு செய்த கார் ஹீத்ரோவில் நின்றது.

போன் செய்தபோது, "ரெண்டும் லண்டன் ஏர்போர்ட்தான் சார்" என்றார் உங்கள் ஊழியர். ஹீத்ரோ நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. கேட்விக் தெற்கே, நகரத்தின் நடுவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. ஒன்றிலிருந்து மற்றதற்கு, லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலையில் போனால் அறுபது கிலோமீட்டருக்கு மேல்; நெரிசல் இல்லாத நேரத்திலேயே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. மதுரையில் இறங்குகிறவருக்குத் திருச்சி விமான நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு, இரண்டும் காரைக்குடிக்குப் பக்கம்தானே என்று சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

லண்டன் பெயரில் ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன: ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட். டிக்கெட் போடும்போது எல்ஓஎன் என்று ஊரின் குறியீட்டைக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் போகிற விமானங்கள் சேர்ந்து வரும். அதில் கேட்விக் விமானத்தை எடுத்துக் கொடுத்தது உங்கள் அலுவலகம். டிக்கெட்டில் கேட்விக்கின் குறியீடான எல்ஜிடபிள்யூ என்று தெளிவாக இருக்கிறது. அதே அலுவலகம் கொடுத்த கார் சீட்டில் "லண்டன் ஏர்போர்ட்" என்று மட்டும் இருக்கிறது. எந்த முனையம் (டெர்மினல்) என்று இல்லை, டிரைவரின் போன் நம்பரும் இல்லை.

வடக்கு முனையத்தில் வெளியே வரும் வாசலில் இருவரும் பெட்டிகளோடும் முறுக்கு டின்னோடும் வெகுநேரம் நின்றிருக்கிறார்கள். அப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அங்கே நின்ற டிரைவர்கள் கையில் இருந்த பெயரட்டைகளை ஒவ்வொன்றாகப் போய் வாசித்திருக்கிறார். அவருடைய போனில் சிக்னல் இல்லை. நகர்ந்தால் கார்க்காரர் தேடுவாரே என்று ஆத்தா கழிப்பறைக்குக்கூடப் போகாமல் நின்றிருக்கிறார், ஐயா. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் அங்கே துப்புரவு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஆத்தாவின் சேலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "அம்மா, கனநேரமா இதில நிக்கிறியள், ஆர் வரவேணும்?" என்று கேட்டிருக்கிறார். தன் போனிலேயே தங்கையைக் கூப்பிட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

தங்கை கைக்குழந்தைக்காரி, கிளம்ப முடியாது. மாப்பிள்ளை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலில் போய் இருவரையும் கூட்டி வந்தார். வடக்கு முனையத்திலிருந்து காசில்லாத ஷட்டில் ரயிலில் தெற்கு முனையம். ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து தேம்ஸ்லிங்க் ரயிலில் நேராக பிளாக்ஃப்ரையர்ஸ், அங்கே மாறி டிஸ்ட்ரிக்ட் லைன் மெட்ரோ ரயிலில் ஈஸ்ட் ஹாம். ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும், லிப்ட்டும் இருக்கிறது. தனியாக டிக்கெட்கூட எடுக்க வேண்டாம், வங்கி அட்டையைத் தொட்டுவிட்டுப் போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், அவ்வளவுதான். கேட்விக் என்று ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் மாப்பிள்ளை முதலிலேயே வாசலில் வந்து நின்றிருப்பார், காருக்குப் பணம் கட்டும் தேவையே வந்திருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு, "பயணி வரவில்லை" என்று எழுதி, கார் பணம் திரும்பக் கிடைக்காது என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். பயணிகள் வந்தார்கள், ஐயா. நீங்கள் விற்ற டிக்கெட்டில் இருக்கும் விமான நிலையத்துக்கு, அந்த நேரத்துக்கே வந்தார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் இருவரும் ஊர் திரும்ப வேண்டும். திரும்பும் விமானமும் கேட்விக்கிலிருந்துதான். ஆனால் அதற்கான கார் சீட்டிலும் அதே "லண்டன் ஏர்போர்ட்"தான். கேட்டால், "அதெல்லாம் சரியா இருக்கும்" என்கிறார் உங்கள் ஊழியர். அந்தக் கார் இவர்களை ஹீத்ரோவில் கொண்டுபோய் இறக்கினால் விமானம் போய்விடும். புது டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பது? விமானம் தவறினால் சென்னையிலிருந்து ஊருக்கு வர எடுத்திருக்கும் ரயில் டிக்கெட்டும் வீண்தான்.

ஆகவே, போகும் பயணத்தின் கார் பணம் முழுவதையும், ஏற்பாட்டுக் கட்டணம் என்று தனியாக வாங்கியதையும் திருப்பித் தர வேண்டும். திரும்பும் காருக்கு, கேட்விக், வடக்கு முனையம், வீட்டு வாசலுக்கு வரும் நேரம், டிரைவரின் போன் நம்பர் எல்லாம் எழுதிய புதிய சீட்டை இந்த வாரத்துக்குள் எனக்கும் என் தங்கைக்கும் அனுப்ப வேண்டும். முடியாது என்றால் அதை எழுத்தில் சொல்லி அந்தப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள், மாப்பிள்ளையே கூட்டிப்போய் விட்டுவிடுவார்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்வேன். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், அதன் பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். டிக்கெட், இரண்டு கார் சீட்டுகள், பணம் கட்டிய ரசீது, உங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
தேவகோட்டை