கிளித்தட்டுக்குக் கோடு போட்டுத் தந்தவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். திருகோணமலை நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வழக்கொழிந்துகொண்டிருந்த சிறுவர் விளையாட்டுகளை மீண்டும் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க வேண்டுமென்று பெற்றோரும் ஆசிரியர்களுமாக நாங்கள் சிலர் கூடித் தொடங்கிய முயற்சி, இந்தச் சித்திரைப் புத்தாண்டுக்குள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நெடுந்தூரம் வந்திருக்கிறது. அதற்குக் காரணமானவர்களுள் பெரும்பாலானோர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ஊரையும் செய்த உதவியையும் மட்டும் சொல்லி, இம்மடல் வழியாக எல்லோருக்கும் எங்கள் நன்றியைத் தெரிவிக்கிறோம்.

முதல் நன்றி சம்பூரிலிருந்து வந்த ஐயாவுக்கு. தரையில் கோடு போட்டு, கோட்டைக் காப்பவர்களின் கையில் படாமல் தட்டுகளைக் கடந்து ஓடும் கிளித்தட்டு என்ற ஆட்டத்தின் பெயரை எங்களில் பலர் அறிந்திருந்தோம். ஆட்டத்தை முழுமையாக அறிந்தவர் எவரும் இருக்கவில்லை. அவர் வளவுக்குள் வந்ததும் அளவு நாடாவைக் கேட்கவில்லை; கூட்டத்தில் ஆகச் சின்னப் பிள்ளை யார் என்றுதான் கேட்டார். அந்தப் பிள்ளையை ஒரு கோட்டில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி, முன்கோட்டிலிருந்தும் பின்கோட்டிலிருந்தும் நீளும் கைகளுக்கு எட்டாமல் நடுவில் ஓர் ஆள் மட்டும் ஒடுங்கி நிற்கக்கூடிய இடம் எஞ்சுமாறு தட்டின் அகலத்தை வகுத்தார். அதன் பிறகே அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார். குறுக்குக் கோட்டைக் காப்பவர் தம் கோட்டை விட்டு இறங்கக் கூடாது, காப்பவர்களின் தலைவரான கிளி மட்டுமே நடுக்கோட்டிலும் ஓடலாம், கிளி கைதட்டிய பிறகே ஆட்டம் தொடங்கும், எல்லாத் தட்டுகளையும் கடந்து திரும்புபவரே பழம் என்று ஒவ்வொரு விதியையும் அவர் வாயால் மட்டும் சொல்லாமல், தானே கோட்டில் நின்று காட்டினார்.

அவர் சொன்ன ஒரு செய்தியையும் இங்கே பதிவு செய்வது எங்கள் கடமை. 2006 இல் போர் மூண்டு சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்து, 2015 இல்தான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். இவ்விளையாட்டுகளைப் பெரியவர்கள் ஒருநாளும் பிள்ளைகளுக்குக் கற்பித்ததில்லை என்றும், பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து எட்டு வயதுப் பிள்ளை பழகியதே வழக்கம் என்றும், முகாமில் ஓடுவதற்கு நிலமில்லாமல் வளர்ந்த அந்தத் தலைமுறையோடு அந்தத் தொடர் அறுந்துபோனதென்றும் அவர் சொன்னார். பாட்டையும் கூத்தையும், அவற்றைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் ஒருவர் இருந்தால் மீட்கலாம். விளையாட்டுக்கு அண்ணாவியார் இல்லை, மூத்த பிள்ளைகள்தாம் உண்டு. எங்கள் முயற்சி எந்த வழியில் போக வேண்டுமென்பதை அந்தப் பேச்சே தீர்மானித்தது.

கற்களை எறிந்து பிடிக்கும் கொக்கான் வெட்டக் கற்றுத் தந்த சல்லி ஊர் அம்மாமாருக்கும், பல்லாங்குழிக்கு உயிர் தந்த கிண்ணியா உம்மம்மாவுக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். கொக்கானுக்காகக் கருங்கல் சில்லுகளைச் சீமெந்துத் தரையில் உரைத்து உரைத்து, கையில் குத்தாத, அதே வேளை உருண்டோடாத கற்களாக்குவதற்கே ஒரு பின்னேரம் முழுவதும் போனது. உம்மம்மாவோ தம் வீட்டிலிருந்த பழைய சோகிகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து, பதினான்கு குழிகளிலும் ஐந்தைந்தாக நிரப்பி, எண்ணாமல் கை எடுக்கும் அளவைக் கொண்டே எந்தக் குழியில் ஆட்டம் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிப் பிள்ளைகளைத் திகைக்க வைத்தார். நான்கு சேர்ந்தால் அது பசு என்று அவர் அள்ளிக்கொண்ட வேகத்தைக் கண்ட பிறகு, கணிதத்தில் பின்தங்கியவன் என்று வகுப்பில் பெயரெடுத்த ஒரு சிறுவன் பலகையை விட்டு எழும்பவே இல்லை. அந்தப் பலகைகளை வேப்பம் பலகைத் துண்டுகளில் கூலி வாங்காமல் குடைந்து தந்த தச்சருக்கும் எங்கள் நன்றி. அயல்வீட்டுச் சிங்களத் தந்தை ஒருவர் இதே போன்ற குழிப்பலகையில் குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெலியவை எங்கள் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டினார். மொழி முழுவதும் விளங்காவிட்டாலும் பிள்ளைகள் ஆட்டத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இவை வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. ஆயினும் பதில் சொல்ல விரும்புகிறோம். தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபைக் காப்பதற்காக யுனெஸ்கோ 2003 இல் ஏற்றுக்கொண்ட சமவாயத்தில் இலங்கை 2008 இல் இணைந்தது. அந்தச் சமவாயத்தின் பட்டியலில் 2015 இல் கம்போடியா, பிலிப்பைன்ஸ், தென் கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் கயிறிழுப்புச் சடங்குகளும் விளையாட்டுகளும், 2020 இல் கசகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி நாடுகளின் குழிப்பலகை விளையாட்டும் இடம்பெற்றன. கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி, கொம்புகளைக் கோத்து இரு கட்சியாக இழுக்கும் கொம்புமுறியும், பல்லாங்குழியும் எங்கள் மண்ணில் இருக்க, அவற்றை மதிப்புக் குறைந்தவையாக நாம் ஏன் எண்ண வேண்டும்? விளையாடும் உரிமையைச் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை தெளிவாகச் சொல்கிறது. இலங்கை அதை 1991 இலேயே ஏற்றுக்கொண்டது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டென்று கருதி, தம் தனியார் வகுப்பின் நேரத்தை வாரத்தில் ஒருநாள் மாற்றித் தந்த ஆசிரியருக்கு இவ்விடத்தில் நன்றி சொல்வதே பொருத்தம். அவர் அதைச் செய்திராவிட்டால் தரம் 5 பிள்ளைகள் ஒருவரையும் நாங்கள் கண்டிருக்க மாட்டோம்.

உவர்மலையில் தம் வெற்று வளவைத் திறந்துவிட்ட குடும்பத்தினருக்கும், சல்லியிலிருந்தும் சாம்பல்தீவிலிருந்தும் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி வந்து எரிபொருட் செலவை மட்டும் பெற்றுக்கொண்ட தம்பிமாருக்கும், ஒவ்வொரு முறையும் அவித்த கடலையும் மோரும் அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி. பெரிய போட்டியொன்று வைத்து வெற்றிக் கேடயங்கள் தர முன்வந்த வர்த்தகர் ஒருவரிடம், போட்டி என்றால் ஆகச் சின்னப் பிள்ளைகள் வெளியே நிற்க நேரும் என்று எங்கள் தயக்கத்தைச் சொன்னோம். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பணத்தில் வளவுக்குத் தண்ணீர்த் தாங்கியும் குழாயும் பொருத்தித் தந்தார். வெயிலில் ஓடிவரும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பயனுள்ள பரிசு வேறில்லை.

நிலாவெளிப் பெரியவர்களும் மூதூர்ப் பெரியவர்களும் கிளித்தட்டின் விதிகள் சிலவற்றில் கடைசிவரை உடன்படவில்லை. இரண்டு முறைகளையும் அப்படியே எழுதி வைத்தோம். எந்த ஊர் முறை என்று பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவெடுக்கிறார்கள். பொறுமையோடு வாதாடி, பொறுமையோடு விட்டுக்கொடுத்த அந்த இரு தரப்பினருக்கும் எங்கள் வணக்கம்.

எல்லோரிலும் மேலான நன்றி தரம் 8, தரம் 9 பிள்ளைகளுக்கு உரியது. நடுவர்களாக நின்ற நாங்கள் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொண்டபோது, சின்னவர்களைத் தம் கட்சியில் சேர்த்து, அடுக்கிய பேணிகளைப் பந்தெறிந்து வீழ்த்தும் பேணிப்பந்தில் அவர்களுக்கு மட்டும் இரண்டு எறி கூடுதலாகத் தருவதென்று தாங்களாகவே ஒரு விதியை வகுத்து, அழுத பிள்ளையைத் தேற்றி மறுபடியும் ஆட்டத்துக்குள் அழைத்து வந்தவர்கள் அவர்களே. இப்போது நாங்கள் வராத நாட்களிலும் வளவில் ஆட்டம் நடக்கிறது.

கிட்டிப்புள்ளை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. கோலால் அடிக்கும் சிறு கட்டையாகிய புள் பறந்து எவருடைய கண்ணிலும் படாத அளவுக்கு அகன்ற வெளி அதற்கு வேண்டும். அத்தகைய காணி உள்ளவர்கள் அறியத் தந்தால் நன்றியுடையவர்களாவோம். பெரியவர்கள் சொன்ன விதிகளையெல்லாம் எழுதிய கொப்பியின் பிரதிகளைக் கேட்ட பாடசாலைகளுக்குக் கொடுத்து வருகிறோம். அதில் பிழை கண்டவர்களும், தம் ஊரில் வேறு விதமாக ஆடியவர்களும் தயங்காமல் வந்து சொல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பெற்றோரும் ஆசிரியர்களும்,
திருகோணமலை.