காப்பார் கிளினிக்கில் பாட்டியோடு பேசிய ஐயாவுக்கு

போன செவ்வாய்க்கிழமை காப்பார் அரசாங்கக் கிளினிக்கில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவர் என்று மட்டும் சொன்னீர்கள். பெயர் கேட்காமல் விட்டது என் தவறு.

என் பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். "நான்தான் அவனைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று இன்றும் சொல்வார். அன்றும் சொன்னார்.

நீங்கள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா, அது மலேரியா" என்று ஆரம்பித்தீர்கள். 1901-இல் மலாயாவின் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தை வடியவைத்து ஊரைக் காப்பாற்றியது, பிறகு தோட்டங்களில் கால்வாய்த் தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்து, கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் செய்தது, எல்லாம் சொன்னீர்கள். சண்டை வந்ததும் அந்த வேலை நின்றுபோனது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா பெரும்பாலும் ஜாவாவில் விளைந்தது. 1942 மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போனது. தோட்டத்து ஜனங்களுக்கு மாத்திரை எங்கே கிடைக்கும்?

"மருந்தே இல்லாத ஊரில் பத்து வயசுப் பிள்ளை என்னம்மா செய்ய முடியும்?" என்று கேட்டீர்களே ஐயா, பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெய் வாசம் ஞாபகம் இருக்கு" என்றார். எண்பது வருஷத்தில் அவர் தம்பியைப் பற்றி அழாமல் பேசியது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்தும் அவனுடைய குறும்பையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரொம்ப நன்றி ஐயா. அப்புறம், உங்கள் கறுப்புக் குடை எங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் பாட்டியோடு வருவேன், கொண்டுவருகிறேன்.