பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயரை எழுதுங்கள்

சோவா ரிக்பா மருந்து தயாரிப்போருக்கும், அவற்றை மேற்பார்க்கும் ஆயுஷ் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சோவா ரிக்பா என்னும் திபெத்திய வைத்தியத்தின் மருந்துகளைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. சிராயிதா என்ற கசப்பு மூலிகையை முதற்சரக்காகக் கொண்ட ‘டிக்டா’ வகை பித்தச் சூட்டைத் தணிப்பது. மாதுளை விதையை முதற்சரக்காகக் கொண்ட ஐங்கூட்டு மருந்து, மந்தமான வயிற்றுக்குச் சூடேற்றுவது. ஒன்று செய்வதற்கு நேர் எதிரானதை மற்றது செய்கிறது. ஆனால் நோயாளி கைக்கு வரும்போது இரண்டுமே பழுப்பு உருண்டைகள்.

அம்மாவைப் பித்தப்பைக் கல்லுக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், “வேற என்ன மருந்து சாப்பிடுறாங்க?” என்று கேட்டார். மூன்று பொட்டலங்களை எடுத்து நீட்டினேன். காலை, மதியம், இரவு என்பதைத் தவிர அவற்றில் ஒரு எழுத்து இல்லை. கல்லீரலைப் பாதிக்குமா, ரத்தம் உறைவதைத் தடுக்குமா, உலோகம் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று அவர் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. மருந்து கொடுத்த இடத்துக்குப் போன் செய்தேன். திபெத்தியப் பெயர்களைச் சொன்னார்கள், சேர்மானத்தைச் சொல்லவில்லை. அறுவையைத் தள்ளிவைத்தார்கள். அத்தனை நாளும் விலாவைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒருக்களித்தே படுத்திருந்தார்.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. அதைச் சாப்பிட்டுத்தான் அம்மாவுக்குப் பசி எடுத்தது. பொட்டலத்தில் சேர்மானத்தை அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெயரை மட்டும் சொன்னால் போதாது. மாதுளை மருந்தில் பட்டை, ஏலம், திப்பிலியோடு சேரும் ஐந்தாவது சரக்கு ஒரு செய்முறையில் குசும்பப்பூ, இன்னொன்றில் அரத்தை. பித்த மருந்துகளில் சேரும் ‘ஹோங்லென்’ என்ற சரக்கு ஓரிடத்தில் கடுகுரோகிணி, வேறிடத்தில் வேறு செடி. கடுகுரோகிணியோ 1997 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மூலிகை. எது சேர்ந்தது என்று தெரிய வேண்டாமா? ‘ரின்சென்’ எனப்படும் விலையுயர்ந்த சரக்குகள் சேர்ந்த மாத்திரைகள் சிலவற்றில் சுத்திகரித்த பாதரசம் சேர்வது உங்களுக்குத் தெரியும். விழுங்குகிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

2010இல் சோவா ரிக்பாவுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தீர்கள். 2019இல் லடாக்கின் லே நகரில் அதற்கான தேசிய நிறுவனத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. மகிழ்ச்சிதான். கட்டடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் கிடைக்கிற கவனம் நோயாளி கையில் இருக்கும் ஒரு காகித உறைக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் கோபம். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் உறையில் சேர்மானம் முழுவதையும் தாவரப் பெயரோடு அச்சிட வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 161ஆம் விதி சொல்கிறது. அதே ஒழுங்கை இங்கேயும், பிரித்துக் கட்டிக் கொடுக்கும் சின்னப் பொட்டலம் வரை, நடைமுறைப்படுத்துங்கள்.

மருந்தின் பெயர், சரக்குகளின் தாவரப் பெயர், உலோகம் உண்டா இல்லையா, தயாரித்த தேதி. இவ்வளவையும் நோயாளி படிக்கிற மொழியில் அச்சிட்டுக் கொடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்