நாற்காலியைக் காலியாக விட்டால் நியமனம் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் ஆணையர், சிபிஐ இயக்குநர், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் என எந்தப் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுத்தாலும் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் தகராறு இல்லாமல் முடிவதில்லை. தேர்வுக் குழுவில் தனக்கே பெரும்பான்மை இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் ஆளுங்கட்சி மீதுதான் முதல் குற்றம். ஆனால் அதற்குப் பதிலடியாக எதிர்க்கட்சிகள் கையில் எடுக்கும் புறக்கணிப்பும் அமளியும் எந்த நியமனத்தையாவது நிறுத்தியிருக்கின்றனவா?

லோக்பால் கதையைப் பாருங்கள். 2013-ல் நிறைவேறிய சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தேர்வுக் குழுவில் பிரதமர், சபாநாயகர், தலைமை நீதிபதி அல்லது அவர் நியமிக்கும் நீதிபதி, சட்ட வல்லுநர் ஒருவர் ஆகியோருடன் மக்களவை எதிர்க்கட்சித் தலைவரும் உண்டு. 2014 தேர்தலில் காங்கிரஸுக்கு 44 இடங்களே கிடைத்ததால் அந்த அந்தஸ்து மறுக்கப்பட்டது. அந்தஸ்து இல்லாதபோது பெரிய எதிர்க்கட்சியின் தலைவரை அழைக்கலாம் என்ற விளக்கம் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சிபிஐ இயக்குநர் தேர்வுக்கும் 2014-லேயே திருத்தம் வந்துவிட்டது. லோக்பாலுக்கு மட்டும் திருத்த மசோதா அறிமுகமாகி, நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய், அது அறிக்கை தந்த பிறகும் நிறைவேறாமல் நின்றது. இது அரசின் குற்றம். பிறகு 2018-ல் காங்கிரஸின் அன்றைய மக்களவைத் தலைவர் மல்லிகார்ஜுன கார்கேயைச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூப்பிட்டார்கள். வாக்குரிமை இல்லாத இடத்துக்கு வரமாட்டேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் மறுத்தார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. ஆனால் அதே சட்டத்தின் 4-வது பிரிவு, குழுவில் இடம் காலியாக இருப்பதாலேயே நியமனம் செல்லாததாகிவிடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2017 ஏப்ரலில் இதைச் சுட்டிக்காட்டியிருந்தது. 2019 மார்ச்சில் முதல் லோக்பால் பதவியேற்றார். எந்தப் பெயருக்கு எதிராகவும் குழுவின் கோப்பில் ஒரு வரி கூட எதிர்க்கட்சி தரப்பில் ஏறவில்லை.

நம் மாநிலத்திலும் இதுவே நடந்தது. மாநில அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவின் தேர்வுக் குழுக் கூட்டத்தை 2018 இறுதியில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் புறக்கணித்தார். அதிகாரமில்லாத அமைப்பு என்பது அவரது வாதம். 2019 ஏப்ரலில் நியமனம் நடந்தே தீர்ந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2010-ல். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் பதவிக்கு பி.ஜே.தாமஸ் பெயர் வந்தபோது பிரதமர் மன்மோகன் சிங்கும் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரமும் ஆதரித்தார்கள். மூன்றாவது உறுப்பினரான எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் எழுந்து போகவில்லை. தாமஸ் மீதிருந்த கேரள பாமாயில் இறக்குமதி வழக்கைச் சொல்லி மறுத்தார், மறுப்பைக் கோப்பிலும் பதிந்தார். இரண்டுக்கு ஒன்று என்று நியமனம் நடந்தது. 2011 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் இன்னும் முக்கியமான ஒரு கட்டளை உண்டு: மறுப்பவர் காரணத்தை எழுத வேண்டும், அந்த மறுப்பைத் தள்ளும் பெரும்பான்மையும் காரணத்தை எழுத வேண்டும். எதிர்க்கட்சிக்கு இதைவிட வலுவான பிடி வேறு கிடையாது. குழுவுக்குப் போகாதவர் இந்தப் பிடியைத் தானே விட்டுவிடுகிறார்.

மறுப்பு எழுதப் பெயரும் விவரமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும் என்பது உண்மை. 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்தபோது, முந்தைய இரவில் 212 பெயர்களும், கூட்டத்துக்குச் சற்று முன்பு ஆறு பெயர்களும் தரப்பட்டதாகக் குழுவில் இருந்த காங்கிரஸின் மக்களவைத் தலைவர் அதிர் ரஞ்சன் சவுத்ரி சொன்னார். ஓர் இரவில் 212 பேரின் பணிப் பதிவேட்டை யாராலும் படிக்க முடியாது. குறைந்தது பத்து நாள் முன்பு சுருக்கப்பட்டியல் தர வேண்டும் என்று கேட்டு வாங்குவதுதான் போராட்டமாக இருக்க வேண்டும்.

அந்தத் தேர்வை நடத்திய சட்டம் எப்படி வந்தது என்பது இன்னும் வேதனை. குழுவில் தலைமை நீதிபதி இருக்க வேண்டும் என்று, சட்டம் வரும்வரைக்கான ஏற்பாடாக, உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொன்னது. டிசம்பரில் வந்த சட்டம் அவருக்குப் பதில் ஒரு மத்திய அமைச்சரை உட்கார வைத்தது. மக்களவையில் அது நிறைவேறிய டிசம்பர் 21 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சுமார் நூறு பேர் இடைநீக்கத்தில் வெளியே இருந்தார்கள். நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் பேச வேண்டும் என்று அவர்கள் அமளி செய்து எழுப்பிய கோரிக்கை முழுக்க நியாயமானது. அவசரமாக இடைநீக்கம் செய்ததில், அன்று அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் சேர்ந்து, பிறகு நீக்கப்பட்டது. இப்படிப்பட்ட அரசு என்று தெரிந்த பிறகும் பதாகையோடு அவையின் மையப்பகுதிக்குப் போய், வாக்களிக்கும் உரிமையை இழக்கலாமா?

2018 மார்ச்சை நாம் மறக்கக்கூடாது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக உறுப்பினர்கள் மக்களவையை நடக்கவிடவில்லை. அதே நாட்களில் மத்திய அரசுக்கு எதிராக வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். அவையில் ஒழுங்கில்லை, எண்ண முடியவில்லை என்று சபாநாயகர் ஒத்திவைத்துக்கொண்டே போனார். அந்த மாதமே பட்ஜெட் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் நிறைவேறின. காவிரி ஆணையத்தைக் கொண்டுவந்தது உச்ச நீதிமன்றம், அமளி அல்ல.

2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்களும் அப்படியே. மாநிலங்களவையில் திருச்சி சிவா தன் இருக்கையில் இருந்தபடியே டிவிஷன் (தலைகளை எண்ணும் வாக்கெடுப்பு) கேட்டது ஒளிப்பதிவில் தெரிகிறது. ஆனால் மற்றவர்கள் மையப்பகுதியில் நின்று கூச்சலிட்டதால், ஒழுங்கில்லை என்ற காரணத்தைச் சொல்லி குரல் வாக்கெடுப்போடு முடித்துவிட்டார்கள். அத்தனை பேரும் இருக்கையில் இருந்திருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லவே வழி இருந்திருக்காது.

துணை சபாநாயகர் பதவி விவகாரத்தில் ஆளுங்கட்சிக்கு எந்தச் சமாதானமும் இல்லை. 'கூடிய விரைவில்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 93-வது பிரிவு. 2019 முதல் 2024 வரை ஐந்தாண்டும் அந்த இடம் காலி. இதற்கு முன் எந்த மக்களவையிலும் இப்படி நடக்கவில்லை. வாஜ்பாய் காலத்தில் காங்கிரஸின் பி.எம்.சயீதும், மன்மோகன் காலத்தில் அகாலி தளத்தின் அட்வாலும் பாஜகவின் கரிய முண்டாவும் இருந்த நாற்காலி அது. 2024 ஜூனில் அந்தப் பதவிக்கு உறுதி கிடைக்காததால்தான் சபாநாயகர் தேர்தலுக்கே போட்டி வந்தது. இங்கே நம் இரு கழகங்களும் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆவுடையப்பனும் வி.பி.துரைசாமியும், ஜெயக்குமாரும் தனபாலும், அப்பாவுவும் பிச்சாண்டியும் என்று சட்டப்பேரவையில் இரண்டு பதவிகளையும் ஆளுங்கட்சியே வைத்துக்கொண்ட வழக்கம் இவர்களுடையது. அதை மாற்றிக்கொண்டு டெல்லியில் கேட்டால் குரலுக்கு எடை கூடும்.

தமிழ்நாட்டின் 39 உறுப்பினர்களிடம் நான் கேட்பது இதுதான். துணை சபாநாயகர் தேர்தலுக்கு நாள் குறிக்க வேண்டியவர் சபாநாயகர் என்கிறது மக்களவை விதி 8. காலியிடம் இருக்கும்வரை, அந்த விதியைக் குறிப்பிட்டு ஒவ்வொரு கூட்டத்தொடரின் முதல் நாளும் கட்சி பேதமின்றிக் கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். லோக்பால் சட்டத்தின் 4-வது பிரிவில், எதிர்க்கட்சித் தலைவர் இல்லாதபோது பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் என்ற விளக்கத்தைச் சேர்க்கவும், எல்லாத் தேர்வுக் குழுக்களின் மறுப்புக் குறிப்பையும் நியமன அறிவிப்போடு வெளியிடச் செய்யவும் தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள். ஒரு மாத முன்னறிவிப்பு போதும்; வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மட்டுமாவது அவையை நடக்கவிடுங்கள்.

வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 5