குழந்தை இருக்கையை எங்கே மாட்டுவது?

ஆசிரியருக்கு,

இன்னோவா, எர்டிகா மாதிரி ஏழு பேர் வண்டி வாங்கிவிட்டு, குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஏர்பேக் விரிந்தால் முதல் அடி அந்தக் குழந்தைக்குத்தான். குழந்தை இருக்கையை வண்டியோடு பூட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நடு வரிசையில், சாய்மானமும் மெத்தையும் சேரும் இடுக்கில் இருக்கின்றன, விரலை விட்டுத் தடவினால் கம்பி தட்டுப்படும். நாங்கள் மாட்டியது இடப்பக்கம், ஏனென்றால் நடைபாதை (இருக்கிற தெருக்களில்!) அந்தப் பக்கம்தான், குழந்தையை இறக்கும்போது பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நடு வரிசை பெஞ்சாக இருந்தால் அந்தப் பக்கத்தை மடக்க முடியாது, கடைசி சீட்டுக்குப் போகும் பாட்டி வலப்பக்கமாகத்தான் ஏற வேண்டும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தமே சொல்கிறது. சரி, ஷோரூமில் சன்ரூஃபைத் திறந்து காட்டுகிறவர்கள் இந்தக் கொக்கியையும் காட்டலாமே?

- ஒரு வாசகர், மதுரை